முள்ளோடை தாண்டி ஒரு கோடை இடிமழை

கத்திரி வெயில் உச்சத்துல இருந்த ஒரு மே மாசம் வியாழக்கிழமை, நானும் என் நண்பனும் கடலூர்ல இருந்து புதுச்சேரிக்கு சைக்கிள்ல போயிட்டு திரும்பும்போது நடந்தத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். அந்த ரோட்டுல தெனம் போற ஆளுங்க நெறைய பேர் இத படிக்கலாம், அவங்களுக்காகவாவது எழுதிடணும்.

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு சுமார் 22 கிலோமீட்டர் தான். காலைல அஞ்சே காலுக்கு கெளம்பி ஆல்பேட்டை, பெண்ணையாத்து பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு ஒவ்வொரு ஊரா தூக்கத்துல இருந்து எழுந்திரிக்கறத பாத்துக்கிட்டே போனோம். நோணாங்குப்பம் பாலத்துல சைக்கிள சாத்திட்டு சுண்ணாம்பாத்துல சூரியன் ஏறி வர்றத பாத்தோம். பீச் ரோட்டுல ஒரு நடை, இட்லி வடை, மதியம் தாவரவியல் பூங்காவுல மரத்து நிழல்ல ஒரு தூக்கம். அவ்வளவு தான், போன கதை.

திரும்ப கெளம்பினது நாலு மணி பத்து நிமிஷத்துக்கு. வெயில் இன்னும் கொறையல, ஆனா கடல் காத்து வந்துடுச்சு. கடலூர் பக்கம் போறப்ப கடல் நமக்கு இடது பக்கம், மத்தியானத்துக்கு மேல அந்த காத்து முன்னாடி இடது பக்கத்துல இருந்து வந்து மூஞ்சில அடிக்கும், மிதிக்க கஷ்டமா இருந்தாலும் வேர்வை காயறதுக்கு அதுவே பெரிய சுகம். அரியாங்குப்பம் தாண்டறப்ப வலது பக்கம் தூரத்துல பண்ருட்டி பக்கமா ஒரு வெள்ள மேகம் காலிஃபிளவர் மாதிரி மேல மேல எழும்பிக்கிட்டு இருந்தத பாத்தேன், அழகா இருக்குன்னு போட்டோ கூட எடுத்தேன். கிருமாம்பாக்கம் வந்தப்ப அதோட தல பட்டறக்கல்லு மாதிரி தட்டையா விரிஞ்சுடுச்சு, அடிப்பக்கம் ஊதா கலர். அப்பவே நின்னிருக்கணும்.

நம்ம கடலோரத்துல கோடை மழை பெரும்பாலும் இப்படித்தான் வருது. காலைல இருந்து உள்மாவட்டத்துல தரை சூடேறி சூடேறி ஈரக்காத்த மேல தள்ளும், மத்தியானத்துக்கு மேல கடல் காத்து உள்ள போய் அந்த சூட்டோட மோதற எடத்துல மேகம் கெளம்பும், அப்பறம் மேல அடிக்கற மேக்கத்தி காத்து அத சாயந்திரம் கரை பக்கம் தள்ளிக்கிட்டு வரும். விழுப்புரம், பண்ருட்டி பக்கம் நாலு மணிக்கு இடிச்சா அஞ்சு, ஆறு மணிக்கு நமக்கு வரலாம்னு கணக்கு. புயல் மாதிரி ரெண்டு மூணு நாள் முன்னாடியே பேர் வெச்சு சொல்லிட்டு வர்றது இல்ல இது. 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் எங்க ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல தான் கரைய கடந்துச்சு, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி கிட்ட வந்துச்சு, ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டி, ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க பக்கத்து கிராமமெல்லாம் மூழ்குச்சு. அதுக்கெல்லாம் அரிசி, மெழுகுவத்தி வாங்கி வெச்சுட்டு வீட்டுக்குள்ள இருக்க நேரம் இருந்துச்சு. கோடை இடிமழை நம்மள ரோட்டுல வெச்சு தான் புடிக்குது, வேல விட்டு வீட்டுக்கு போற நேரத்துல.

கன்னியகோயில் தாண்டினதும் கடல் காத்து நின்னு போச்சு. கொறையல, சுத்தமா நின்னு போச்சு. ஃபேன் ஸ்விட்ச்ச அணைச்ச மாதிரி. பனமரத்து ஓலை கூட அசையல, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, காக்கா சத்தம் கூட இல்ல. நண்பன் "ஏண்டா திடீர்னு மிதிக்க ஈஸியா இருக்கு"ன்னு கேட்டான். எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு. முள்ளோடை தாண்டி ஒரு ரெண்டு நிமிஷம் போயிருப்போம், வலது பக்கத்துல இருந்து, அதாவது கடலுக்கு நேர் எதிர் பக்கத்துல இருந்து, ஃப்ரிட்ஜ் கதவ தெறந்த மாதிரி ஒரு சில்லு காத்து. மேகத்துக்குள்ள மழை விழ ஆரம்பிச்சதும் குளிர்ந்த காத்து அப்படியே கீழ வந்து தரையில மோதி நாலு பக்கமும் பாயும், மழைக்கு முன்னாடியே அது வந்துடும். அந்த சில்லு காத்து மேல பட்டா உங்களுக்கு இருக்கறது சில நிமிஷம் தான், சந்தோஷப்பட்டு நின்னுடாதீங்க, எங்கயாவது கட்டடத்துக்குள்ள போயிடுங்க.

அடுத்து மண்ணு. ரோட்டோரத்து செம்மண்ணு மொத்தமும் எழும்பி குறுக்க ஒரு சுவரு மாதிரி வந்துச்சு, கண்ண தெறக்க முடியல, பல்லுக்கு நடுவுல நறநறன்னு மண்ணு. ஒரு பிளக்ஸ் பேனர் பிச்சுக்கிட்டு பறந்து வந்து முன்னாடி போன ஸ்கூட்டி மேல சுத்திக்கிச்சு, நல்ல வேளை அந்த அக்கா மெதுவா போனதால கால ஊனி நின்னுட்டாங்க. என் சைக்கிள காத்து ரோட்டு நடுவுக்கு தள்ளுது, பின்னாடி பஸ் ஹாரன், நான் எறங்கி உருட்ட ஆரம்பிச்சேன். முதல் துளி கையில விழுந்தப்ப ஆலங்கட்டின்னு தான் நெனச்சேன், அப்படி வலிச்சது, ஆனா தண்ணி தான்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ண ஆரம்பிச்சேன். சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும், அதனால மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர்னு வெச்சுக்கலாம். முதல்ல பன்னண்டு வந்துச்சு, நாலு கிலோமீட்டர். அடுத்தது ஆறு. அதுக்கு அடுத்தது ரெண்டு கூட எண்ணி முடிக்கல.

ரோட்டோரத்துல பெரிய புளியமரம் ஒண்ணு. அடியில ஏற்கனவே ஒரு ஏழெட்டு பைக்கு நின்னுட்டு இருந்துச்சு, டேங்க் கவருக்குள்ள செல்போன சொருகிட்டு ஹெல்மெட்டோட நிக்கிறாங்க. நண்பன் சைக்கிள அங்க திருப்பிட்டான். அப்ப பின்னாடி இருந்து ஒரு குரல், "தம்பி, மரத்துக்கு கீழ போவாத! நேரா மண்டபத்துக்கு வுடு!" திரும்பி பாத்தா அம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், பழைய கருப்பு சைக்கிள், கேரியர்ல சிமெண்டு சாக்குல கட்டின மூட்டை, அதுக்குள்ள இருந்து கரண்டி காம்பும் மட்டப்பலகையும் வெளிய தெரியுது. கொத்தனார். எங்களுக்கு சொன்னதோட விடல, சைக்கிள ஸ்டாண்டு போட்டுட்டு அந்த மழையில மரத்தடி ஆளுங்க கிட்டயும் போய் கத்தினாரு, "இடி எறங்கும்யா, வாங்கய்யா." ரெண்டு பேர் வந்தாங்க, அவங்கள பாத்து மத்தவங்களும் வந்தாங்க.

மண்டபம் ஒரு நூறு அடி தான் இருக்கும், ஆனா அந்த நூறு அடிய நான் மறக்க மாட்டேன். பிரேக்க புடிச்சா ரிம் ஈரத்துல கட்டை வழுக்குது, வண்டி நிக்கவே இல்ல. வாசல்ல முந்தின நாள் கல்யாணத்துக்கு கட்டின வாழமரம் ரெண்டும் மடங்கி தாரோட கீழ கெடந்துச்சு. வாட்ச்மேன் தாத்தா கிரில் கேட்ட தெறந்துட்டு "வண்டி எல்லாம் வெளிய கெடக்கட்டும், ஆளுங்க உள்ள வாங்க"ன்னு ஹால் கதவையே தெறந்து விட்டுட்டாரு. அவர் யாரையும் யாருன்னு கேக்கல.

உள்ள கரண்ட் இல்ல. ஒரு முப்பது பேர் இருப்போம். கம்பெனி ஷிப்டு முடிஞ்சு வந்தவங்க, ஸ்கூட்டி அக்கா, கைக்கொழந்தையோட ஒரு புருஷன் பொண்டாட்டி, டிவிஎஸ் எக்ஸெல்ல நுங்கு விக்கிற அண்ணன் ஒருத்தர். எல்லாரும் பந்திக்கு போட்டு எடுக்காம விட்ட பிளாஸ்டிக் சேர்ல வரிசையா, மணமேடைய பாத்த மாதிரி உக்காந்தோம். ஒவ்வொரு மின்னலுக்கும் மேடையில ஒட்டியிருந்த தெர்மாகோல் எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சு மறையும், ஒரே ஒரு எழுத்து பிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கொழந்த ஒவ்வொரு இடிக்கும் வீரிட்டு அழுவுது. நுங்கு அண்ணன் வெளிய ஓடிப்போய் சாக்கோட மிச்ச நுங்க எடுத்துட்டு வந்து சீவி எல்லாருக்கும் குடுத்தாரு, காசு வாங்கல. "நாங்க இடி இடிச்சா மொதல்ல பனமரத்த வுட்டு ஓடிடுவோம், இடி மொதல்ல அங்க தான் எறங்கும்"னு அவர் சொன்னாரு.

அது நெசம். உயரமா தனியா நிக்கிற எதுமேலயும் மின்னல் எறங்க வாய்ப்பு அதிகம், மரத்துல எறங்கினா அடியில நிக்கறவங்க மேலயும் பாயும், தரை வழியாவும் வரும். சைக்கிள் டயரு ரப்பரு தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெறைய பேர் சொல்றாங்க, அத நம்பாதீங்க, அந்த ரப்பரு மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்ல. காருக்குள்ள பாதுகாப்புன்னு சொல்றது டயரால இல்ல, சுத்தி இருக்கற உலோகக் கூட்டால. கட்டடம் கெடைக்கலன்னா பஸ்ஸ கைகாட்டி ஏறிடுங்க, சைக்கிள் கெடந்தா கெடக்கட்டும். புனேவுல இருக்கற இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் போட்ட தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, நம்மள சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள எங்க மின்னல் விழுதுன்னு காட்டும். என் போன்ல அது இருந்தும் நான் கெளம்பறதுக்கு முன்னாடி பாக்கல, இப்ப பாக்காம கெளம்பறதே இல்ல.

கொத்தனார் என் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தாரு. பெண்ணையாத்துக்கு இந்த பக்கம் ஒரு கிராமம், தெனமும் சைக்கிள்லயே புதுச்சேரி பக்கம் வேலைக்கு வர்றாராம், பதினஞ்சு வருஷமா. பஸ்ஸுல வரலாமேன்னு கேட்டேன். "சாமான தூக்கினு பஸ்ஸுல ஏற முடியாது தம்பி, போவ வர காசும் ஆவுது." நாங்க மாசக்கணக்கா பேசி பேசி திட்டம் போட்டு வந்த தூரம் அது. அவரோட பட்டன் போன்ல சார்ஜ் இல்ல, "பொண்ணு பயந்துனு இருக்கும், ஒரு போன் போட்டு குடு"ன்னாரு. டவர் கெடைக்காம நாலு தடவ ட்ரை பண்ணி அஞ்சாவது தடவ லைன் போச்சு. "மண்டபத்துல இருக்கேன் பாப்பா, நனையல." சட்டையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே சொன்னாரு.

ஆறு மணிக்கு மேல மழை தூறலா ஆச்சு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது காத்திருந்து தான் கெளம்பணும்னு சொல்லுவாங்க, நாங்க இருந்தோம், ஆனா பாதி பேர் வீட்டு அவசரத்துல முன்னாடியே போயிட்டாங்க. வெளிய வந்தா ரோடே வேற மாதிரி. அந்த புளியமரத்துல ஒரு கிளை, என் இடுப்பு பருமன், முறிஞ்சு பைக்கு நின்ன எடத்துலயே விழுந்து கெடக்குது. முறிஞ்ச எடம் பச்சையா ஈரமா வெளுப்பா இருந்துச்சு, பிஞ்சு புளியங்கா சுத்தி செதறி கெடக்கு. கொத்தனார் அத ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கிளைய ஒதுக்க கை குடுத்தாரு, நாங்களும் புடிச்சோம், இன்னும் நாலு பேர் வந்தாங்க, ஒரு பக்கமா இழுத்து போட்டோம்.

கரண்ட் எங்கயும் இல்ல, ரெட்டிச்சாவடி இருட்டா இருந்துச்சு. பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாம தண்ணி நிக்குது. அவர் சைக்கிள்ல லைட்டே இல்ல, பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர் கூட இல்ல, லாரி எல்லாம் உரசிக்கிட்டு போவுது. அவர நடுவுல விட்டு நான் முன்னாடி, நண்பன் பின்னாடின்னு ஓட்டினோம். அவர் ஊருக்கு பிரியற எடத்துல நான் என் சிவப்பு பின்லைட்ட கழட்டி அவர் கேரியர்ல ரப்பரு போட்டு மாட்டிட்டேன், வேணாம் வேணாம்னாரு, நான் கேக்கல. அந்த சிவப்பு புள்ளி மினுக்கிக்கிட்டே உள்ள போறத கொஞ்ச நேரம் நின்னு பாத்தோம்.

பெண்ணையாத்து பாலத்துல காத்து அவ்வளவு குளிர்ச்சியா இருந்துச்சு, மே மாசம்னு நம்பவே முடியாது. ஏழேகாலுக்கு வீடு. அம்மா ஒரு வார்த்த பேசல, துண்ட மட்டும் நீட்டினாங்க.

எட்டரைக்கு தெரியாத நம்பர்ல இருந்து போன். அந்த பொண்ணு. "அண்ணா, அப்பா வந்துட்டாரு. நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு போயிட்டீங்களான்னு கேக்க சொன்னாரு." போயிட்டோம்மா, நல்லா இருக்கோம்னு சொன்னேன். அப்பறம் கொஞ்சம் தயங்கி கேட்டுச்சு, "அண்ணா, அந்த சிவப்பு லைட்டு வீட்டுக்குள்ள மினுக்கிக்கிட்டே இருக்கு, அத எப்படிண்ணா அணைக்கறது?"

பட்டன ரெண்டு செகண்டு அமுக்கி புடின்னு சொன்னேன்.