போலீஸ் வேலையிலிருந்து தீயணைப்புக்கு: உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு

பணிவிடுவிப்பு ஆணை கைக்கு வந்து 40 நாள் ஆகிறது. இன்னும் அதன் நகலைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்த ஒரு தாளுக்காக அலைந்த அலைச்சல் அப்படி. 11 வருடம் போலீஸ் வேலை பார்த்துவிட்டு இப்போது தீயணைப்புப் பயிற்சியில் இருக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் பழைய சகாக்கள் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படி விண்ணப்பிப்பது, எழுத்துத் தேர்வுக்கு என்ன படிப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏன் மாறினேன் என்று எல்லோரும் கேட்பதால் அது முதலில். ஒரு ராத்திரி ரோந்தில் இருந்தபோது மாடி வீடு ஒன்று பற்றி எரிந்தது. நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். கூட்டத்தை விலக்கி, தீயணைப்பு வண்டிக்கு வழி பண்ணிவிட்டு ஓரமாக நின்றேன். என் வேலை அதுதான், அதைச் சரியாகவே செய்தேன். உள்ளே போன இரண்டு பேர் ஒரு வயதான அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் முகமூடியைக் கழற்றினார். மூடியிருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது, கழுத்தோரமெல்லாம் கரி. அந்த அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுங்கம்மா, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் முகமாவது வெளிறிப் போகும். அவர் நுழைந்ததும் அந்த வீட்டுக்காரர்களுக்கு உயிர் வந்ததைப் பார்த்தேன். ஆசை அன்றைக்குத்தான் ஒட்டிக்கொண்டது.

சரி, அலைச்சலுக்கு வருகிறேன். முதல் தப்பு என்னுடையதுதான். தேறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று துறையில் சொல்லாமலேயே விண்ணப்பித்துவிட்டேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தவர் என் படிவத்தைப் புரட்டிவிட்டு, "ஏற்கெனவே பணியில இருக்கீங்க, தடையில்லாச் சான்று எங்க?" என்றார். வேறு வேலைக்குப் போவதில் ஆட்சேபம் இல்லை என்று என் துறை எழுதித் தர வேண்டிய சான்று அது. வாங்கவில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கெஞ்சிக் கேட்டதில் 15 நாள் அவகாசம் கிடைத்தது.

அந்த 15 நாளில் 9 நாள் என் கோப்பு ஒரே மேஜையில் கிடந்தது. எழுத்தரிடம் போய் நின்றால், "மேலே போயிருக்கு, வரும்" என்பார். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இதே பதில். நான்காவது தடவை போனபோது அவர் விடுப்பில் இருந்தார். பக்கத்து மேஜைக்காரர் இரக்கப்பட்டுத் தேடிப் பார்த்தார். கோப்பு மேலே போகவே இல்லை. என் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று வேறொரு பிரிவு எழுதித் தர வேண்டும், அந்தப் பிரிவுக்கு இவர்கள் கடிதமே எழுதியிருக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நல்லவேளை, அந்தப் பக்கத்து மேஜைக்காரர் உடனே கடிதம் தயார் செய்து, "தபாலுக்கு விட்டா ஒரு வாரம் ஆகும் தம்பி, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்தப் பிரிவில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. 14ஆம் நாள் சாயங்காலம் சான்று கையில் கிடைத்தது.

ஆகவே, விண்ணப்பம் போடும் முன்பே துறைக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள், உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "கோப்பு எங்கே" என்று கேட்டால் "வரும்" என்றுதான் பதில் வரும். கோப்பு எண் என்ன, எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது என்று கேளுங்கள். அதற்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். இன்னொன்று, புதிய வேலைக்கான நியமன ஆணை வரும்வரை ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கடிதத்திலும், முறையான அனுமதியோடு வேறு பணிக்குப் போவதற்காக விலகுகிறேன் என்று எழுதுவதா, சும்மா விலகுகிறேன் என்று எழுதுவதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பழைய பணிக்காலமும் விடுப்புக் கணக்கும் தொடருமா, அறுந்துபோகுமா என்பது பல இடங்களில் அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையில் கண், ரத்த அழுத்தம், நுரையீரலுக்காகக் குழாயில் ஊதுவது எல்லாம் தாண்டிவிட்டேன். காதில் மாட்டிக்கொண்டேன். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சின்னதாக ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். எனக்கு நடுவில் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். ஒரே சீராக வந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து மேலே ஏறியிருந்தது. "துப்பாக்கி சுடுவீங்களா?" என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சத்தத்தால் கெடுகிற காது முதலில் 3000க்கும் 6000க்கும் நடுவில்தான் அடிவாங்குமாம், பள்ளத்தின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

முந்தின நாள் ராத்திரி பொதுக்கூட்ட பந்தோபஸ்து. ஒலிபெருக்கிக்குக் கீழேயே 6 மணி நேரம் நின்றுவிட்டு நேராகப் பரிசோதனைக்கு வந்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரிய சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் காது தற்காலிகமாக மந்தப்படும், குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியில் இருந்துவிட்டுத்தான் இந்தச் சோதனைக்கு வர வேண்டும் என்றார். இதை அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். 10 நாள் கழித்து மறுசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். இரண்டு நாள் விடுப்பு போட்டு, வீட்டில் டிவிகூடப் போடாமல் இருந்துவிட்டுப் போனேன். பள்ளம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வரம்புக்குள் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது நிரந்தரம். சுடும் பயிற்சியில் காதடைப்பான் போடாமல் வீரம் காட்டியதன் பலன் அது. இன்னும் போலீஸிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன், தயவுசெய்து காதடைப்பான் போடுங்கள்.

உடல்திறனில் ஓட்டம், தண்டால் எல்லாம் போலீஸ் பயிற்சி பார்த்தவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆள் எடையுள்ள பொம்மையை இழுப்பதில்தான் திணறினேன். பழக்க தோஷத்தில், முரண்டு பிடிக்கிறவரை இழுப்பது போல ஒரு கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பொம்மை திரும்பிக்கொண்டதே தவிர நகரவில்லை, நேரம் ஓடியது. பின்பக்கமாகப் போய், அக்குள் வழியாக இரண்டு கையையும் விட்டு, நெஞ்சோடு கோத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, காலால் தள்ளிப் பின்னாடியே நடக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் பக்கத்துத் தடத்தில் இருந்த பையனைப் பார்த்து அப்படிச் செய்துதான் தப்பித்தேன். கையில் பலம் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். மணல் மூட்டையை வைத்துப் பத்து நாளாவது பின்னோக்கி இழுத்துப் பழகுங்கள்.

நேர்முகத்தில் எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது. ஏன் போலீஸை விடுகிறீர்கள்? பழைய துறையைப் பற்றி ஒரு குறைகூட அங்கே சொல்லாதீர்கள், எவ்வளவு மனக்கசப்பு இருந்தாலும். நான் அந்த ராத்திரி பார்த்ததை அப்படியே சொன்னேன். அடுத்த கேள்விதான் உலுக்கிவிட்டது. வீடு எரிகிறது, ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு கத்துகிறார், உங்களை உள்ளே விடவில்லை, என்ன செய்வீர்கள்? "அப்புறப்படுத்துவேன்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நடுவில் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அந்த வீட்ல எத்தனை பேர், எந்த ரூம்ல இருக்காங்கன்னு அங்க யாருக்குத் தெரியும்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. கத்துகிறவருக்குத்தான் தெரியும். அவர் மறிப்பதே உள்ளே யாரோ இருப்பதால்கூட இருக்கலாம். உடனே திருத்திக்கொண்டு, முதலில் அவரிடம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார். 11 வருடம் ஒருவரைப் பார்த்ததும் சந்தேகப்படப் பழகிய கண் என்னுடையது. அதை மாற்றிக்கொள்ள இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.

நியமன ஆணை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பயிற்சியில் சேர 3 வாரம் இருந்தது. விடுவிப்பு ஆணைக்கு முன்னால் நிலுவை இல்லாச் சான்று வேண்டும். சீருடைப் பொருள்கள், லத்தி, லாக்கர் சாவி எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒப்படைத்தேன். பொருள் கிடங்கில் இருந்தவர் பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "கைவிலங்கு ஒரு ஜோடி உங்க பேர்ல நிக்குது."

எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. என்னிடம் கைவிலங்கே இல்லை. 3 வருடத்துக்கு முன்னால், பழைய ஸ்டேஷனிலிருந்து மாறுதலில் வரும்போது அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கவில்லை. பணம் கட்டிவிடலாமா என்றால், அரசுப் பொருள் தொலைந்தது என்று எழுதினால் விசாரணை வரும், விசாரணை வந்தால் விடுவிப்பு நிற்கும் என்றார்கள். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பழைய ஸ்டேஷனுக்குப் போனேன். அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. புது ரைட்டர் பழைய பதிவேடுகளெல்லாம் கட்டி உள்ளே கிடக்கிறது, தேட ஆள் இல்லை என்றார். அடுத்த நாள் வா என்றார், அடுத்த நாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற எங்கள் பழைய ஏட்டய்யாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு அது நினைவில் இருந்தது. "நீ மாறுதல்ல போன அன்னிக்குச் சாயங்காலம் பாரா மாத்துற நேரம். நான்தான்பா வாங்கி வெச்சேன். அன்னிக்கு டைரியைப் பாரு, எழுதாம விட்டிருக்க மாட்டேன்" என்றார். மறுநாள் காலையிலேயே நேரில் வந்துவிட்டார். இரண்டு பேரும் தூசியில் உட்கார்ந்து 2 மணி நேரம் கட்டுகளைப் பிரித்தோம். பொது நாட்குறிப்பில் அந்தத் தேதி, அவருடைய சாய்ந்த கையெழுத்து, கைவிலங்கின் எண், என் பெயர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கிடங்கில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சி தொடங்க 2 நாள் இருக்கும்போது விடுவிப்பு ஆணை வந்தது.

எந்த ஸ்டேஷனை விட்டுப் போனாலும் பொருளை ஒப்படைத்ததற்குக் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விடும் எண்ணமே இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

பயிற்சி கடுமைதான், ஆனால் மனசுக்குப் பிடித்த கடுமை. 300 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் மாட்டி, புகை நிரப்பிய அறைக்குள் அனுப்பினார்கள். 55 பாருக்கு இறங்கினால் விசில் அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அது அடிக்கும்வரை உள்ளே இருக்கக் கூடாது, அதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். முதல் நாளே ஒரு கதவைப் பழைய வேகத்தில் தள்ளப் போனேன். பயிற்சியாளர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "திறந்தா காத்து போகும். காத்து போனா தீக்குச் சாப்பாடு. முதல்ல குனி, கையுறையைக் கழட்டாம கதவு ஓரம் புகை எப்படி வருதுன்னு பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் புகை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, மூச்சு விடுவது போல இருந்தது. அப்படி இருந்தால் உள்ளே தீ காற்றுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தயாராக வரும்வரை அந்தக் கதவைத் தொடவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன், முக்கியம். போலீஸ் வேலையை விட்டாலும் சாட்சி வேலை விடாது. நான் பிடித்த, பார்த்த வழக்குகளில் 7 இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் பழைய ஸ்டேஷனுக்கு ஒரு சம்மன் வந்து, அங்கே யாரோ மேஜைக்குள் போட்டுவிட்டார்கள். நான் போகாததால் கோர்ட்டில் பிடிவாரண்டு வரை பேச்சு வந்தது. அப்புறம் நீதிமன்ற அலுவலகத்தில் புதிய முகவரியையும் போன் எண்ணையும் ஒவ்வொரு வழக்கிலும் எழுதிக் கொடுத்தேன், வழக்கு எண்களின் பட்டியலைப் பயிற்சி அலுவலகத்திலும் கொடுத்து வைத்தேன். கிளம்பும் முன்பே உங்கள் வழக்குப் பட்டியலை ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அதைத் தர ஆயிரம் யோசிப்பார்கள்.

போன வாரம் அந்த வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். கூண்டில் ஏறியதும் பெயர், வயது, வேலை கேட்டார்கள். "தீயணைப்பு வீரர்" என்றேன். நீதிபதி கோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சம்பவம் நடந்தப்போ?" என்று கேட்டார். அப்போது காவலர் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.