முகத்தில் ஒளிந்திருந்த சிவப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் தங்கை மகளைக் கண்ணெதிரே கிழவியாக்கினேன். கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. சிவப்பு முகச்சாயம், இரண்டு டார்ச் லைட், சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாகக் கண்ணாடிப் பேப்பர், கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்த செல்போன் கேமரா, அவ்வளவுதான். இந்த வித்தையை நான் கற்றுக்கொண்டது 1957-இல் வெளியான ஓர் இத்தாலியப் படத்திலிருந்து. பெயர் 'இ வாம்பிரி'. ரத்தக் காட்டேரிகள் என்று அர்த்தம்.

இந்தப் படத்தில் கோரைப்பல் கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. இளம்பெண்களின் ரத்தத்தை உடலில் ஏற்றிக்கொண்டு இளமையோடு இருக்கும் ஒரு சீமாட்டிதான் காட்டேரி. நடித்தவர் ஜன்னா மரியா கனாலே. கதை நடப்பது பாரிஸில், படம் எடுத்தது ரோமில். 12 நாளில் முடிக்க வேண்டிய படம். இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா பத்தாவது நாள் விலகிப் போய்விட, மிச்சத்தை இரண்டே நாளில் எடுத்து முடித்தவர் ஒளிப்பதிவாளர் மரியோ பாவா. இயக்குநர் என்று அவர் பெயர் திரையில் வரவில்லை. படமும் இத்தாலியில் ஓடவில்லை.

ஆனால் அந்த ஒரு காட்சி! சீமாட்டியின் முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது. வெட்டு இல்லை, ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் கரைவதும் இல்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் கோடுகள் எழுகின்றன. கன்னம் ஒடுங்குகிறது. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. முதல் முறை பார்த்தபோது ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி ஓட்டி ஏழெட்டு தடவை பார்த்தேன். எங்கேயாவது ஒட்டு தெரியுமா என்று தேடினேன். தெரியவில்லை, ஏனென்றால் ஒட்டே இல்லை.

சுருக்கங்கள் எல்லாம் காட்சி தொடங்கும்போதே அவர் முகத்தில் இருந்தன, சிவப்பு நிறத்தில். சிவப்பு வெளிச்சத்தில் தோலும் சிவப்புக் கோடும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இரண்டும் ஒன்றுதான், கோடு காணாமல் போகும். வெளிச்சத்தை மெல்லப் பச்சைக்கு மாற்றினால் சிவப்புக் கோடு அதை விழுங்கிக் கறுப்பாகிவிடும். படப்பிடிப்புத் தளத்தில் நின்றவர்களுக்கு வெளிச்சத்தின் நிறம் மாறியது தெரிந்திருக்கும். திரையில் அந்த நிறம் இல்லை, முதுமை மட்டும் இருந்தது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டது வேறு, செய்து பார்த்தது வேறு. முதல் தடவை சொதப்பிவிட்டது. நான் போட்ட சாயம் கொஞ்சம் பழுப்பு கலந்த சிவப்பு. சிவப்பு வெளிச்சத்திலும் லேசாகத் தெரிந்தது. அதைத் துடைத்துவிட்டு நல்ல பளிச்சென்ற சிவப்பால் வரைந்தேன். இரண்டாவது தடவை பக்கத்து அறை விளக்கு கதவிடுக்கில் கசிந்து காரியத்தைக் கெடுத்தது. மூன்றாவது தடவை செல்போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடியது. அதைப் பூட்டி வைத்துவிட்டு, ஒரு கையில் சிவப்பு டார்ச்சை உள்ளங்கையால் மெதுவாக மூடிக்கொண்டே, மறு கையால் பச்சை டார்ச்சை அருகே கொண்டு வந்தேன். பதினொரு வயசுப் பெண் அசையாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத் திரையில் அவள் நெற்றி மடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பதிவைக் காட்டியதும் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது நான் இல்ல" என்றாள்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் நிறம் இல்லாத படம் என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'வுக்கு ஒரு பெரிய அநியாயம் செய்தேன். எனக்கு முதலில் கிடைத்தது வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. சூரிய வெளிச்சம் பட்டால் செத்துப்போகும் காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறது. இயக்குநர் முர்னாவ் இதைக்கூடக் கவனிக்கவில்லையே என்று நண்பர்களிடம் குறை சொல்லியிருக்கிறேன். அவர் கவனித்துத்தான் இருந்தார். இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியில் நீலச் சாயம் ஏற்றுவது அப்போதைய வழக்கம். நீலம் என்றால் இரவு. சாயம் போன பிரதியைப் பார்த்துவிட்டு நான் பேசியிருக்கிறேன். இந்தப் படம் நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். 'டிராகுலா' நாவலின் உரிமையை வாங்காமல் எடுத்ததால் அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-இல் தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகளில்தான் படம் பிழைத்தது. நீலம் திரும்பிய பதிப்பில் அதே தெருக்காட்சியைப் பார்த்தபோது மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் பழைய காட்டேரிப் படங்களை எடுத்தாலே நிறத்தைத்தான் தேடுகிறேன். 1933-இல் வந்த 'தி வாம்பயர் பேட்' ஒரு சின்னக் கம்பெனியின் படம். சொந்தமாகத் தளம் போடப் பணம் இல்லை, யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேறு படங்களுக்குப் போட்டிருந்த தளங்களை வாடகைக்கு எடுத்து ராத்திரியில் படமாக்கினார்கள். அப்படிப்பட்ட படத்தில்கூட, ஊர்மக்கள் தீப்பந்தங்களோடு துரத்தும் காட்சியில் தீக்கு மட்டும் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1958-இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் டிராகுலா' முழுக்கக் கறுப்பு வெள்ளை. மார்பில் கூரான மர முளை இறங்கும்போது பொங்கும் ரத்தம் மட்டும் ஒரே ஒரு ஷாட்டில் சிவப்பாக வரும். அந்த ஒரு நொடிக்காக முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

இந்த மாதிரிப் பழைய படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசிப் போடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிப்புகளைப் பார்க்காதீர்கள். முகத்தில் எது சிவப்பு, எது கறுப்பு என்று தெரியாமல் இருப்பதை நம்பித்தான் பாவா அந்தக் காட்சியையே கட்டினார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முகம் கழுவப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். "பெரியம்மா, பச்சையில ஆரம்பிச்சு சிவப்புக்குப் போனா நான் மறுபடி சின்னப் பொண்ணாயிடுவேன்ல?"

1925-இல் 'பென்-ஹர்' படத்தில் கார்ல் ஸ்ட்ரஸ் என்ற ஒளிப்பதிவாளர் அதைத்தான் செய்தார். தொழுநோயாளிகளின் முகத்தில் இருந்த புண்கள், வெட்டே இல்லாமல், நம் கண்முன்னே ஆறிப்போகும். அவளிடம் அதைச் சொன்னதும் மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் பச்சை டார்ச்சை முதலில் எடுத்தேன்.