கட்டைவிரலின் சுமையைக் குறைத்த கதை: ராக்கெட் லீக்கில் பதினோரு வாரம்

ராக்கெட் லீக் ஆடத் தொடங்கி இன்றோடு பதினோரு வாரம். நோட்டுக் கணக்குப்படி 92 மணி நேரம். முதல் 30 மணி நேரம் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் என் வலது கட்டைவிரல் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அத்தனை மாலைகள் மிச்சமாகியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவை மிச்சமாகட்டும் என்றுதான் நோட்டில் இருப்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: இது காரை வைத்து ஆடும் கால்பந்து. பொதுவாக அணிக்கு மூன்று கார், ஐந்து நிமிட ஆட்டம். மைதானத்தைச் சுற்றிச் சுவர், மேலே கூரை. கார் குதிக்கும், அந்தரத்தில் குட்டிக்கரணம் போடும், சுவரில் ஏறி ஓடும், பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கவும் செய்யும். சயானிக்ஸ் நிறுவனம் 2015 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு. 2020 செப்டம்பரிலிருந்து இலவசம். அக்கா மகன் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணினியில் ஏற்றி வைத்தான். இப்போது அவன் அவனுடைய ஊரிலிருந்தும் நான் இங்கிருந்தும் சேர்ந்து ஆடுகிறோம்.

இதில் கோல் அடிக்க என்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது. மற்ற கால்பந்து விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்டக்காரர் உதைப்பார். பந்து ஏறக்குறைய நாம் நினைத்த பக்கம் போகும். இங்கே காரின் எந்த மூலை பந்தின் எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் படுகிறது என்பதை வைத்துத்தான் பந்து போகும். ஆகவே கன்ட்ரோல் படிவதுதான் ஆட்டத்தில் பாதிக்கு மேல். எனக்கு இந்த விளையாட்டின் மேல் மரியாதை வந்ததும் இதனால்தான்.

முதல் 30 மணி நேரம்

என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர். விளையாட்டோடு வரும் அமைப்பில் ஆர்2 முன்னால் போக, எல்2 பின்னால் போக. எக்ஸ் குதிக்க. வட்டம் பூஸ்ட், அதாவது பின்னால் நெருப்பைக் கக்கி வேகமெடுப்பது. சதுரம் தரையில் இருக்கும்போது பவர்ஸ்லைடு, அதாவது சக்கரம் வழுக்கியபடி திரும்புவது; அந்தரத்தில் இருக்கும்போது ஏர் ரோல், அதாவது காரை அதன் நீளவாக்கில் உருட்டுவது. முக்கோணம் பால் கேம்: கேமரா பந்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா, கார் போகும் திசையைப் பார்க்க வேண்டுமா என்று மாற்றுவது. எக்ஸ், வட்டம், சதுரம், முக்கோணம் நான்குமே வலது கட்டைவிரலின் பொறுப்பு.

தரையில் ஓடும்வரை இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அழுத்தினால் போதும். பந்து மேலே எழும்பியதும்தான் சிக்கல். காரைப் பறக்கவிடும் ஏரியலுக்கு ஒரே நேரத்தில் குதிக்கவும் வேண்டும், பூஸ்ட்டும் பிடித்திருக்க வேண்டும், பல சமயம் உருளவும் வேண்டும்.

அந்த நாட்களில் நோட்டில் ஒரே ஒரு கணக்கு எழுதினேன். ஃப்ரீ பிளே என்ற தனிப்பயிற்சி முறையில் 20 தடவை பறந்து போய்ப் பந்தைத் தொட முயல்வது, எத்தனை தடவை பட்டது என்று குறிப்பது. முதல் வாரம் 20-க்கு 2. இரண்டாம் வாரம் 3. மூன்றாம் வாரமும் 3. பயிற்சி போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டினேன். 3 என்பது 4 ஆகக்கூட நகரவில்லை.

விரலை மாற்றியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் திரையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, எக்ஸ்ல இருந்து விரல எடுத்து வட்டத்துல வைக்கிறீங்க பாருங்க, அந்த கேப்லதான் கார் கீழ இறங்குது.”

“பின்ன என்னடா பண்றது? இருக்கிறது ஒரு கட்டைவிரல்தானே?”

“ஆள்காட்டி விரலுக்கு பூஸ்ட்ட குடுத்துடுங்க மாமா. ஆர்2-வ நடுவிரல் பிடிச்சுக்கட்டும்.”

அன்றே அமைப்புக்குள் போய் பூஸ்ட்டை ஆர்2-க்கு மேலே உள்ள ஆர்1-க்கும், பவர்ஸ்லைடையும் ஏர் ரோலையும் எல்1-க்கும் மாற்றினோம். கட்டைவிரலுக்குக் குதிப்பதும் பால் கேமும் மட்டுமே மிச்சம். மேலே ஆள்காட்டி விரல்கள், கீழே நடுவிரல்கள் என்று கன்ட்ரோலரைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டது.

அடுத்த நான்கைந்து நாட்கள் கஷ்டமாக இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். பூஸ்ட் வேண்டும் என்று மனம் சொன்னதும் விரல் பழைய வட்டத்துக்கே ஓடும். நடுவிரலின் அடிமூட்டு வலித்தது. கணக்கு 20-க்கு 1 என்று விழுந்தது. பழைய அமைப்புக்கே திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பினேன். அந்த வாரம் ஆட்டம் எதிலும் சேரவில்லை. வெறும் மைதானத்தில் காரை ஓட்டினேன், அவ்வளவுதான். ஆறாம் நாள் விரல் தானாக ஆர்1-க்குப் போனது. இரண்டு வாரம் கழித்துக் கணக்கு 20-க்கு 9.

கட்டைவிரலின் நுனியை எக்ஸிலும் அடியை வட்டத்திலும் ஒரே நேரத்தில் சாய்த்துவைத்துச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். என் கைக்கு அது வரவில்லை. எப்படி ஆனாலும் குதிப்பதும் பூஸ்ட்டும் ஒரே கணத்தில் அழுத்த முடிகிற நிலை வேண்டும். அது இல்லாமல் ஏரியல் பழகுவது வீண் உழைப்பு என்பது என் முடிவு.

பின்னால் கவிழ்ந்த கார்

9-க்கு மேல் ஏறாமல் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. வேகமாக மேலே எழும்ப ஒரு முறை உண்டு: முதல் குதி, உடனே இடது கட்டைவிரல் பிடிக்கும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கை உயர்த்தி பூஸ்ட், அப்புறம் இரண்டாவது குதி. இரண்டு குதியின் உந்துதலும் பூஸ்ட்டோடு சேர்வதால் கார் விருட்டென்று எழும்பும். முதல் குதியில் பொத்தானைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் இன்னும் உயரம் கிடைக்கும்.

எனக்கோ இரண்டாவது குதியில் கார் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக் கீழே விழுந்தது. பத்தில் ஐந்து தடவை இப்படி. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது இரண்டாவது குதி வெறும் குதியாக இருக்கும். எந்தப் பக்கமாவது சாய்ந்திருந்தால் அதே பொத்தான் அந்தப் பக்கம் கரணமாகிவிடும். மூக்கை உயர்த்தப் பின்னால் இழுத்த ஸ்டிக்கை நான் விடாமலே இரண்டாவது குதியை அழுத்திக்கொண்டிருந்தேன். இழு, விடு, குதி, மறுபடி இழு என்று நான்கு அசைவாகப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகினேன். முதலில் பூஸ்ட் இல்லாமல் இந்த நான்கை மட்டும். பிறகு பூஸ்ட்டோடு. முதல் குதிக்குப் பின் இரண்டாவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் விநாடி. பதறுகிற அளவுக்குக் குறைவான நேரம் இல்லை அது. பதறாமல் இருக்கத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

அமைப்பிலும் ஒன்றைத் தொட்டேன். ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தால் கரணமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு டாட்ஜ் டெட்ஸோன் என்று ஓர் எண் உண்டு. 0.50 இருந்ததை 0.75 ஆக்கினேன். லேசாகச் சாய்ந்த ஸ்டிக் அதன்பின் காரைக் கவிழ்ப்பதில்லை. கேமரா குலுங்குவதையும் அணைத்துவிட்டேன். பார்வைப் பரப்பை இருப்பதில் அதிகமான 110-க்குக் கூட்டினேன். இவை இரண்டும் முதல் நாளே செய்ய வேண்டியவை.

தலைகீழாக இருக்கும்போது

இதைத்தான் அதிகம் எழுத ஆசை, ஏனென்றால் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இது. அந்தரத்தில் ஸ்டிக்கின் இடமும் வலமும் காரின் இடமும் வலமும்தான், திரையினுடையவை அல்ல. கார் நேராக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் தெரியாது. ஏர் ரோல் செய்து காரின் கூரை தரையைப் பார்த்தபடி பறக்கும்போது ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு திரையில் வலப்பக்கம் போகிறது. பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகாமல் தரையை நோக்குகிறது.

இந்தக் குழப்பம் எனக்குப் புதிதல்ல. பத்தொன்பது வயதில் அப்பா எனக்கு டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் மனத்துக்குள் திருப்பிக் கணக்குப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் டிரெய்லர் மடங்கிவிடும். “கணக்குப் போடாதடா, டிரெய்லர் சக்கரத்த மட்டும் பாரு” என்றார் அப்பா. அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த களத்தில், சுமை எதுவும் இல்லாமல், ஒரு வாரம் முன்னும் பின்னும் எடுத்தேன். பிறகு கை தானாகப் போனது.

அதே வழியை இங்கேயும் பிடித்தேன். ஃப்ரீ பிளேதான் என் களம். அங்கே பூஸ்ட் தீராது. பந்தை மறந்துவிட்டுக் காரைத் தலைகீழாக்கிப் பறந்தபடி எதிர்க் கோல்கம்பத்தைத் தொட முயன்றேன். இடம் வலம் என்று யோசிக்காமல் காரின் மூக்கை மட்டும் பார்த்தேன். மூக்கு தவறான பக்கம் போனால் உடனே எதிர்ப்பக்கம் லேசாகத் தட்டினேன். தினம் பதினைந்து நிமிடம் வீதம் மூன்று வாரம். இப்போது தலைகீழாகப் போனாலும் பத்தில் ஆறு ஏழு தடவை கம்பத்தைத் தொடுகிறேன். திருத்தும் தட்டல்கள் சின்னதாகிக்கொண்டே வருவது விரலுக்கே தெரிகிறது. அந்த உணர்வுக்காகவே மறுநாள் உட்காரத் தோன்றுகிறது.

ஆட்டத்தில் சேர்ந்தபின்

களத்தில் தீராத பூஸ்ட் ஆட்டத்தில் தீரும். முழுத் தொட்டியே சுமார் 3 விநாடிதான் வரும். மைதானத் தரையில், மேலே ஓட்டினால் தொட்டியை முழுதாக நிரப்பும் பெரிய திட்டு 6. ஒன்றை எடுத்தால் அது திரும்பி வர 10 விநாடி. நூற்றில் 12 அளவு தரும் சின்னத் திட்டு 28. அவை 4 விநாடியில் திரும்புகின்றன. முதலில் பெரியதைத் தேடி மூலைக்கு ஓடிக்கொண்டே இருந்தேன், அதற்குள் எதிரணி கோல் போட்டுவிடும். இப்போது போகிற வழியில் உள்ள சின்னத் திட்டுகள் மேலேயே ஓட்டுகிறேன். இதற்கு பால் கேமை ஒரு கணம் அணைத்துப் பாதையைப் பார்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். கட்டைவிரல் ஓய்ந்திருப்பதால் அது எளிதாகிவிட்டது.

பறந்து இறங்கும்போது பவர்ஸ்லைடைப் பிடித்தபடி இறங்கினால் சக்கரம் தரையைக் கவ்வாமல் வேகம் அப்படியே தொடரும். இதைச் சொன்னதும் அக்கா மகன்தான். நான்கு எழுத்து எழுதுகிற அளவுக்குச் சின்ன விஷயம், ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது முப்பது தடவை பயன்படுகிறது.

போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் இருவர் ஆட்டத்தில் சேர்ந்தோம். பந்து எங்கள் கோலுக்கு மேலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எதிர்ப்பக்கத்தில் இருந்தான். நான் பறந்து, காரை உருட்டி, கூரையின் முனையால் பந்தை வெளியே தட்டினேன். “மாமா!” என்று ஹெட்செட்டில் அவன் கத்தியதில் காது அடைத்தது. அந்த ஆட்டம் 4-3 என்று எங்களுக்கு முடிந்தது. என் தரம் இப்போது சில்வர் 2; சில்வர் என்பது கீழிருந்து இரண்டாவது பிரிவு.

இன்றைய கணக்கு: ஏரியல் 20-க்கு 14. அடுத்து எடுத்திருப்பது ஹாஃப் ஃப்ளிப். பின்னோக்கிப் போகும் கார் பின்கரணம் தொடங்கியதும் ஸ்டிக்கை முன்னால் தள்ளிக் கரணத்தைப் பாதியில் நிறுத்தி, ஏர் ரோலால் உருட்டி, நேர்த்திசைக்குத் திரும்புவது. வலப்பக்கம் உருட்டினால் 20-க்கு 13 வருகிறது, இடப்பக்கம் 4. இந்த வாரம் முழுக்க இடப்பக்கம் மட்டும்தான்.