900% டிவிடெண்டும் என் 90 ரூபாயும்

பங்குச் சந்தைக்குள் நுழைந்த புதிதில் "900% டிவிடெண்ட்" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டது. டிவிடெண்ட் என்றால் கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் பணம். நூறு போட்டால் தொள்ளாயிரம் வரும் என்று மனக்கணக்குப் போட்டு, 612 ரூபாய் விலையில் 10 பங்கு வாங்கிவிட்டேன். சில வாரம் கழித்து வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: 90 ரூபாய் வரவு.

யாரும் ஏமாற்றவில்லை. அந்தச் சதவீதம் முகமதிப்பின், அதாவது கம்பெனி பங்குக்கு ஏட்டில் குறித்திருக்கும் மதிப்பின் மேல்தான், நாம் கொடுத்த விலையின் மேல் இல்லை. முகமதிப்பு 1 ரூபாய், ஆக பங்குக்கு 9 ரூபாய், போட்ட பணத்துக்கு ஒன்றரை சதவீதம்கூடத் தேறவில்லை. சென்னை எம்ஆர்எஃப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பங்கு லட்சத்துக்கு மேல் போகிறது, இடைக்கால டிவிடெண்டாக (வருடம் முடியும் முன்பே தருவது) கொடுப்பதோ 3 ரூபாய்! முகமதிப்பு 10 என்பதால் அறிவிப்பில் அது 30%. (2024-25க்கு இறுதி டிவிடெண்டாக 229 ரூபாய் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இன்னொரு அடி, பங்கு வாங்கிய அடுத்த நாளே விழுந்திருந்தது. எக்ஸ் டேட் அன்று வாங்கினால் டிவிடெண்ட் கிடையாது என்று படித்து, புத்திசாலித்தனமாக முந்தின நாளே வாங்கியிருந்தேன், மறுநாள் காலையில் விலை 603-ல் திறந்தது. வயிறு எரிந்தது. யோசித்தால் நியாயம்தான், கம்பெனி கல்லாவிலிருந்து பணம் வெளியே போகிறது என்றால் பங்கின் மதிப்பிலும் ஏறக்குறைய அவ்வளவு குறையத்தானே வேண்டும். அன்றைய சந்தையின் ஏற்ற இறக்கமும் சேர்வதால் எப்போதும் இப்படிக் கச்சிதமாக இறங்காது. ஆனால் டிவிடெண்டுக்காக மட்டும் ஒரு நாள் முன்னால் ஓடிப்போய் வாங்குவது வேலைக்கு ஆகாது.

அதோடு வரி வேறு. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்கிறது, அவரவர் வரி வரம்புப்படி கட்ட வேண்டும். ஒரே கம்பெனியிலிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். என் 90 ரூபாய்க்கு அந்தப் பயம் இல்லை!

அப்புறம் டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) பதிந்திருக்கும் வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்பா பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டு டீமேட்டில் மாற்ற மறந்துவிட்டார். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டை வாங்காமல் விட்டால், பணம் மட்டுமில்லை, பங்கே மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், விண்ணப்பம் போட்டால். நாங்கள் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.