பேனாவுக்கும் குளிருமாம்

அலாரம் 5 மணிக்கு. எழுந்தது 7.20-க்கு. நடுவில் போர்வைக்குள் கதையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பேனாவும் என் கட்சிதான். குளிரில் பால்பாயின்ட் மை கெட்டியாகிவிடும். பழைய ரசீதின் பின்பக்கத்தில் சுழி சுழியாகக் கிறுக்கியும் வெறும் தடம்தான் விழுந்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, வாயால் ஊதி, (சொல்ல வெட்கம்தான்) கொஞ்ச நேரம் அக்குளில்கூட வைத்திருந்தேன். அப்புறம் எழுத ஆரம்பித்தது. முதல் வரி, 'வெயில் கொளுத்தியது.' கதை அப்படி, நான் என்ன செய்ய?

தேநீர் வந்தது. கோப்பையை முகத்தருகே கொண்டுபோனதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. மேசை, தாள், பாக்கி வேலை எல்லாம் வெள்ளையாக மறைந்துபோயின. துடைக்க மனம் வரவில்லை, அத்தனை சுகம். ஆவி தானாக விலகியதும் பார்க்கிறேன், பேனாவால் தேநீரைக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்பூன் தாளின் மேல் கிடக்கிறது.

சரி, இனி மடிக்கணினிதான் என்று போர்வைக்குள் திரும்பினேன். மடிக்கு நல்ல கதகதப்பு. எழுதியதென்னவோ இந்தப் பதிவு மட்டும்தான். பேட்டரி 4 சதவீதம் என்கிறது. சார்ஜர் அடுத்த அறையில் இருக்கிறது. நான் எழுந்திருப்பதாக இல்லை.