பசுண்டாங்ல தண்ணி எந்தப் பக்கம் போவும்?

ரங்கூன்ல தான் வாழ்ந்த வீட்டைத் தேடிப் பாத்துட்டு வான்னு ஆயா குடுத்த அட்ரஸ் இவ்ளோதான்: "பசுண்டாங் காவா ஓரம், மில்லு லைனு, மேஸ்திரி வூட்டுக்குப் பின்னாடி. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

1965-ல ரங்கூன்ல கப்பலேறி மெட்ராஸ் வந்து எறங்கின மனுஷி. 54 வருஷம் கழிச்சு 'யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க'ன்னு என்னை அனுப்பி வைக்குது. நானும் தலையாட்டிட்டு பேங்காக் வழியா டிக்கெட் போட்டுட்டேன். 2019 டிசம்பர், கொரோனான்னா என்னன்னே தெரியாத காலம்.

நான் வளர்ந்தது வியாசர்பாடி. எங்க தெருவுல பாதிப் பேர் பர்மாக்காரங்க, அதாவது அங்கேருந்து திரும்பி வந்தவங்க. அதனால பர்மான்னா எனக்கு அத்தோ, மொய்ங்கா (ரெண்டும் நூடுல்ஸ்தான்), அப்புறம் ஆயா கோவம் வந்தா திட்டுற ரெண்டு மூணு வார்த்தை. (அந்த வார்த்தைங்களை அங்க போய் யார்கிட்டயும் சொல்லிடாதன்னு ஏர்போர்ட் கிளம்பறப்போ ஆயாவே சொல்லி அனுப்புச்சு.) அத்தோ விஷயத்துல முதல் நாளே மூக்கு உடைஞ்சுது. ரோட்டோரக் கடையில உக்காந்து கெத்தா 'அத்தோ'ன்னேன், அந்தக்கா 'என்ன அத்தோக்'னு திருப்பிக் கேக்குது. அங்க அத்தோக்னா சும்மா பிசைஞ்சு குடுக்கிற எதுவும் அத்தோக்தான், தக்காளியும் உண்டு, டீ இலையும் உண்டு, நூடுல்ஸும் உண்டு. நம்ம பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா பஜார்ல ஆரஞ்சு கலர்ல தர்றதை அங்க தேடாதீங்க, அது நம்மூர் சரக்கு.

டாக்ஸி ஏறினா ஸ்டீயரிங் நம்மள மாதிரி வலது பக்கம், வண்டி ஓடுறதும் ரோட்டுக்கு வலது பக்கம். 1970-ல ஒரே ராத்திரியில ரோட்டை மட்டும் மாத்திட்டாங்க, கார் எல்லாம் ஜப்பான்ல இருந்து வந்த பழைய கார், அதனால ஓவர்டேக் பண்ணணும்னா டிரைவருக்கு முன்னாடி என்ன வருதுன்னு தெரியாது, இடது பக்கம் உக்காந்திருக்கிற நான்தான் எட்டிப் பாத்து 'போ போ'ன்னு சொல்லணும். அரை மணி நேரத்துல எனக்கு பர்மா லைசென்ஸே குடுத்திருக்கலாம்.

ஆயா சொல்ற தெருப் பேரு ஒண்ணுகூட இப்ப போர்டுல இல்ல. பிரேசர் ஸ்ட்ரீட்டுன்னு சொல்லும், அது அனவ்ரட்டா ரோடு. டல்ஹௌசி இப்ப மகா பந்துலா ரோடு. மொகல் ஸ்ட்ரீட்டு ஷ்வே போன்தா தெரு. நான் ஒரு பேப்பர்ல ரெண்டு காலம் போட்டு எழுதி வச்சிருந்தேன், இடது பக்கம் ஆயா ரங்கூன், வலது பக்கம் கூகுள் யாங்கோன். மாறாதது தெருவோட அமைப்புதான். வெள்ளைக்காரன் கட்டம் போட்டு வெட்டின ஒல்லித் தெருக்கள், ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி மாடி வீடு, மேல் மாடியில இருந்து கயித்துல கிளிப்போட ஒரு பை தொங்கும், பேப்பர்க்காரன் வந்து கீழ இழுத்து பேப்பரை மாட்டிட்டுப் போவான். ஆயா சொன்னப்போ கதைன்னு நெனச்சேன், நெஜம்தான்.

எங்க போய் விசாரிக்கிறதுன்னு தெரியாம பிரேசர் ஸ்ட்ரீட்டு காளி கோயிலுக்குப் போனேன். 1871-ல தமிழங்க கட்டினது, கோபுரம் முழுக்க பொம்மை, பெயின்ட் நம்மூரைவிட பளிச். உள்ள ஒரு பெரியவர், கைலி கட்டி, நெத்தியில விபூதி. தமிழ் சுத்தமா பேசறார், நடுநடுவுல எண்ணு மட்டும் பர்மீஸ்ல வந்துடுது.

"பசுண்டாங்கா? எந்த மில்லு?"

"தெரியலீங்க ஐயா. அரிசி மில்லு."

"அரிசி மில்லு அம்பது இருந்திச்சு தம்பி. மேஸ்திரி யாரு? எந்த மேஸ்திரி ஆளுங்க நீங்க?"

எனக்கு அங்கதான் உறைச்சுது. வீட்டு நம்பர் கேக்கல, தெருப் பேர் கேக்கல, எந்த மேஸ்திரின்னு கேக்கறார். நான் வந்தது வீட்டைத் தேடி. எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வீடு எப்ப இருந்துச்சு?

அவரு செங்கல்பட்டுப் பக்கம். மழையில்லாத ஒரு வருஷம் மேஸ்திரி ஊருக்கு வந்து அட்வான்ஸ் குடுத்து ஆள் சேர்த்தான், கப்பல் டிக்கெட்டும் அவனே. கீழ் டெக்ல படுத்து வந்து ரங்கூன்ல எறங்கினப்பவே கடன்காரன். சம்பளம் மில்லு முதலாளி குடுக்கறது மேஸ்திரி கைக்கு, மேஸ்திரி அட்வான்ஸு, சோறு, படுக்கிற எடம் எல்லாத்தையும் கழிச்சிட்டு மிச்சத்தை ஆளுக்குத் தருவான். சூயஸ் கால்வாய் 1869-ல திறந்ததுக்கு அப்புறம் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல அவ்ளோ கிராக்கி, காவா ஓரம் பூரா ஸ்டீம் மில்லு, அதுக்கு ஆள் வேணும். 1931 சென்சஸ்ல ரங்கூன் ஜனத்தொகை நாலு லட்சம், அதுல பாதிக்கு மேல இந்தியாக்காரங்க. கூலி வேலையில தெலுங்குக்காரங்கதான் ஜாஸ்தி, நம்மாளுங்களும் நெறைய.

இவருக்குக் கெடைச்சது ஒரு பாய் விரிக்கிற எடம். ராத்திரி ஷிப்ட்காரன் எழுந்து போனா பகல் ஷிப்ட் முடிச்சவன் அதே எடத்துல படுப்பான், 'பாய் ஆறவே ஆறாது'ன்னு கொள்ளுத்தாத்தா சொல்லுமாம். கல்யாணம் ஆகி கொள்ளுப்பாட்டி வந்தப்புறம்தான் லைன்ல ஒரு ரூம், சாக்குத் தடுப்பு போட்டு.

பெரியவர் காவாவுக்கு ரெண்டு கரை இருக்கே, இந்தப் பக்கம் பசுண்டாங், அந்தப் பக்கம் டாபோன், எந்தக் கரைன்னாவது கேட்டுட்டு வாங்கன்னார். அது சரிதான்.

மறுநாள் காலையில பசுண்டாங் கரை. சைக்கிள் ரிக்ஷா, அங்க சைக்கான்னு சொல்றாங்க, ஆள் பக்கவாட்டுல உக்காரணும், இன்னொருத்தர் இருந்தா முதுகோட முதுகு ஒட்டி. மில்லு எதுவும் கண்ணுல படல. எட்டு மாடி அபார்ட்மெண்ட், லிப்ட் கெடையாது. பால்கனி பூரா துணி, நடுவுல புதுசா ஒரு காண்டோ, கண்ணாடி வச்சு. ரெண்டுக்கும் நடுவுல சந்து மாதிரி எறங்கினா குடோன், தகரக் கூரை, லாரியில மூட்டை ஏத்திட்டிருந்தாங்க. குடோனோட பின் சுவர் மட்டும் பழசு, ஒல்லிச் செங்கல், அடிப்பக்கம் ஒரு ஆள் உயரத்துக்குக் கரி புடிச்சது போல கருப்பு. பாசியாக்கூட இருக்கலாம். நான் வெரலால தேச்சுப் பாத்தேன். கையில ஒட்டுச்சு.

எதுக்குத் தேச்சேன்னா, அந்த மில்லுங்க ஓடினதே உமியிலதான். நெல்லு குத்தின உமியையே பாய்லர்ல போட்டு எரிச்சு, அந்த ஸ்டீம்ல அடுத்த நெல்லைக் குத்தறது, கரி வாங்கற செலவு மிச்சம். சாம்பல் மலை மாதிரி சேரும், காவாவுல கொட்டுவாங்க. எங்க தாத்தா, ஆயாவோட வீட்டுக்காரர், அதே மில்லுல பாய்லர்கிட்ட வேலை. வியாசர்பாடி வந்தப்புறமும் சாகிற வரைக்கும் உமிக்கரியிலதான் பல்லு வெளக்கிச்சு, பேஸ்ட் வாங்கிக் குடுத்தா இனிக்குதுடான்னு துப்பும். அந்த சந்துல நிக்கிறப்போ எனக்கு ஞாபகம் வந்தது தாத்தாவோட கருப்பு ஈறுதான், வேற எந்தப் பெரிய உணர்ச்சியும் வரல.

1962-ல ராணுவம் வந்துச்சு, அப்புறம் மில்லு, கடை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 1964 மே மாசம் அம்பது, நூறு சாட் நோட்டு செல்லாதுன்னாங்க. நமக்கு 2016-ல ராத்திரி எட்டு மணிக்கு நடந்ததைப் பாத்துட்டு ஆயா டிவி முன்னாடி உக்காந்து சிரிச்சுது, 'இது எனக்கு ரெண்டாவது'ன்னு. அடுத்த வருஷம் கப்பல். கையில நாலு பிள்ளைங்க, எங்கப்பாவுக்கு நாலு வயசு, கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும். தங்கம் என்னாச்சுன்னு கேட்டா ஆயா பேச்சை மாத்திடும்.

சரி, எந்தக் கரைன்னு கேக்கணுமே. காவா ஓரப் படிக்கட்டுல நின்னு ஆயாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, ஆயா அப்பதான் இட்லி சாப்பிட்டுட்டு உக்காந்திருந்துச்சு. போனைத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. எனக்குத் தொண்டை அடைச்சுது, சரி ஆயா அழுவுதுன்னு நெனச்சேன்.

"இது இல்லடா" ன்னுச்சு.

"எப்டி ஆயா சொல்ற? எல்லாம் மாறிப்போச்சு."

"தண்ணி இடது கைப் பக்கம் போவுது பாரு. எங்க வாசல்ல நின்னா வலது கைப் பக்கம்தான் போவும்."

அவ்ளோ உறுதியா எப்படின்னு கேட்டா ஒரு கதை. ஆயாவுக்கு ஏழு வயசு. சண்டை நடந்துகிட்டிருந்த காலம், ஜப்பான்காரன் ஊருக்குள்ள. 1941 டிசம்பர்ல முதல் குண்டு விழுந்தப்போ ஏரோப்ளேனை வேடிக்கை பாக்கத் தெருவுக்கு வந்த ஜனம் கூட்டம் கூட்டமா செத்துச்சு, லட்சக்கணக்குல ஜனம் காடு மலை தாண்டி இந்தியாவுக்கு நடந்துச்சு, இவங்க போகல, கொள்ளுப்பாட்டி மாசமா இருந்ததால பக்கத்து கிராமத்துக்கு ஓடிட்டு அடுத்த வருஷம் திரும்ப லைனுக்கே வந்துட்டாங்க. அப்ப ஒரு நாள் காலையில கீரை அலசிட்டு வான்னு மூங்கில் கூடையைக் குடுத்து அனுப்ப, இது கூடையைத் தண்ணியில விட்டுடுச்சு. கூடை மெதக்குது, இது கரையோட ஓடுது, வலது கைப் பக்கமா, அடுத்த மில்லு சுவர் வரைக்கும். கூடை போயே போச்சு. ஒரு கூடைக்குக் கூட வழியில்லாத நாள், அம்மா வெளக்குமாத்தால அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்காம்.

அப்போ எதிர்க்கரைதான். இந்தக் கரையில இடது பக்கம் போற தண்ணி அந்தக் கரையில நின்னு பாத்தா வலது. நான் பெரிய துப்பறிவாளன் ரேஞ்சுக்கு சந்தோஷமாகி, மகா பந்துலா பாலத்து வழியா டாபோன் போனேன். நடுவுல டீக்கடையில ஒரு லபெயே (அவங்க ஊர் பால் டீ), ஒரு சமோசா, ஒரு மழைத் தூறல் (டிசம்பர்ல மழையான்னு டீக்கடைக்காரருக்கே ஆச்சரியம்), மொத்தம் ரெண்டு மணி நேரம் போச்சு. அந்தப் பக்கம் மர வீடுங்க, தகரம், சேறு, ஒரு சின்ன அம்மன் கோயில், சூலத்துல எலுமிச்சம் பழம். எனக்கு இதான் இதான்னு மனசு அடிச்சுக்குது. திரும்ப கால் போட்டேன், போனைத் திருப்பினேன்.

"டேய், இங்கயும் இடது பக்கம்தான்டா போவுது."

பாத்தேன். ஆமா. இடது பக்கம்தான் போவுது.

பக்கத்துல படகு கட்டிட்டிருந்தவர் நான் தமிழ்ல கத்தறதைப் பாத்துட்டு சிரிச்சார். தமிழ் தெரியாது, ஆனா கையால காமிச்சார், உள்ளங்கையை இப்படித் தள்ளி, அப்புறம் அப்படித் தள்ளி. கடல் தண்ணி. ஏறும், எறங்கும். நான் டீ குடிச்சிட்டு பாலம் தாண்டறதுக்குள்ள திரும்பிடுச்சு. காலையில போற பக்கம் மத்தியானம் போவாது.

ஆயாகிட்ட சொன்னேன். இந்தக் காவாவுல தண்ணி ரெண்டு பக்கமும் போவும், அதை வச்சு எந்தக் கரைன்னு சொல்லவே முடியாதுன்னு. ஆயா போனை முகத்துக்கு ரொம்ப கிட்ட வச்சுக்கிச்சு, நெத்தி மட்டும்தான் தெரிஞ்சுது.

"அப்போ சாயங்காலம் அங்கியே நின்னிருந்தா கூடை திரும்ப வந்திருக்குமாடா?"

"வந்திருக்கும் ஆயா."

"எங்கம்மாவுக்கு இது தெரியாது பாரு" ன்னுச்சு. "அநியாயத்துக்கு அடிச்சிச்சு."