அரிப்பும் ஈரமும்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ஆலைகளில், சூடு வெளியே போகாமல் குழாய்களைச் சுற்றி மூடும் இன்சுலேஷன் வேலை பார்க்கும் நம்மூர் ஆட்களிடம், அதற்குச் சுற்றும் பாறை நார்ப் பாயான ராக்வுல் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அரிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். கழுத்து, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு என வியர்வை தங்கும் இடமெல்லாம் பிடுங்கும். புதிதாக வரும் தம்பிகள் வெந்நீரில் தேய்த்துக் குளித்து இன்னும் கெடுத்துக்கொள்வார்கள். தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் நார் வழிந்து போய்விடும்.

ராக்வுல் செய்வது இப்படித்தான்: எரிமலைப் பாறையான பசால்ட்டையும், இரும்பு உருக்கும் ஊதுலையில் மிஞ்சும் கசடையும் சுமார் 1,500 டிகிரியில் உருக்கி, வேகமாகச் சுழலும் சக்கரங்களில் ஊற்றினால், பஞ்சு மிட்டாய் மாதிரி நாராகப் பறக்கும். பிசின் தெளித்துப் பாயாக்கிவிடுவார்கள். கசடை மட்டும் வைத்தும் செய்வதுண்டு.

"இது புற்றுநோய் தரும்ணே" என்று தம்பிகள் சொல்ல அடிக்கடி கேட்பேன். அந்தப் பேச்சு ஆதாரமில்லாமல் வரவில்லை. 1988இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைச் 'சாத்தியம் உண்டு' என்ற பட்டியலில்தான் வைத்திருந்தது. 2002இல் வெளியான மறு ஆய்வில் அங்கிருந்து எடுத்து, 'வகைப்படுத்த முடியாதது' என்ற பிரிவில் போட்டார்கள். உலைகளுக்குப் போடும் செராமிக் நார் பழைய பட்டியலிலேயே நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் வேறு சங்கதி, இரண்டையும் குழப்பக் கூடாது. அதற்காக முகக்கவசத்தைக் கழற்றிவிடச் சொல்லவில்லை.

என் கவலையெல்லாம் தண்ணீர்தான். இந்த ஊர் மழைக்கு மேலே மூடிய அலுமினியத் தகட்டில் ஒரு இணைப்பு பிளந்தால் போதும், உள்ளே போன நீர் வெளியே வராது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் பளபளவென்றிருந்த ஒரு தகட்டைப் பிரித்தோம். ராக்வுல் பிழிந்தால் சொட்டியது, குழாய் ஏடு ஏடாக உரிந்து வந்தது. மிகச் சூடான குழாயில் ஈரம் ஆவியாகிவிடும். 60, 80 டிகிரியில் ஓடும் குழாய்தான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் செங்குத்துக் குழாயின் அடிப்பகுதி, சப்போர்ட் தொடும் இடம், வால்வு ஓரம் இவற்றைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன். மழையில் நனைந்த பாயை "சூட்டுல காஞ்சிடும், மூடுங்க" என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். சரி என்று தலையாட்டிவிட்டு, அதைக் கழற்றிப் புதுசு போடச் சொல்லுவேன். அப்புறம் பொருள் கணக்குக்கு அவரிடம் திட்டு வாங்குவதும் நான்தான்.